உடைந்த பானையும் மனத்தில் எழுந்த கோயிலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் பகற்கனவு. "பகற்கனவு காணாதே, படி!" என்று பிள்ளையிடம் சொல்லாத பெற்றோர் உண்டா? "உடம்பு வகுப்பில் இருக்கிறது, மனம் எங்கேயோ மேய்கிறது" என்று குறைப்பட்டுக்கொள்ளாத ஆசிரியர் உண்டா? நம் மொழியில் இதற்கு எத்தனை பெயர்கள் பாருங்கள்! பகற்கனவு, மனக்கோட்டை, ஆகாயக் கோட்டை, மனோராஜ்யம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் ஒரு கேலி இருக்கிறது. "நல்ல மனக்கோட்டை கட்டியிருக்கிறாய்" என்று யாரையும் நாம் பாராட்டுவதில்லை.

இந்தக் கேலி எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு சிறிய கதை நாடு நாடாகப் பயணம் செய்த வரலாறு அது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் நம்முடைய இன்னொரு கதையையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் பார்த்த பிறகு ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். ஏழைக்குக் கனவு காண உரிமை உண்டா? உண்டு என்றால், எந்தக் கனவு அவனைக் கரை சேர்க்கும்?

மாவுப் பானை

முதல் கதை பஞ்சதந்திரத்தில் வருகிறது. பஞ்சதந்திரம் கி.மு. 200-க்கும் கி.பி. 300-க்கும் இடைப்பட்ட காலத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

ஓர் ஏழைப் பிராமணன். பிச்சை எடுத்துச் சேர்த்த மாவை ஒரு பானையில் நிரப்பிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுகிறான். அதற்கு நேர் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, பானையையே பார்த்தபடி யோசிக்கிறான். நாட்டில் பஞ்சம் வந்தால் இந்த மாவு நூறு காசுக்கு விலைபோகும். அந்தக் காசுக்கு இரண்டு ஆடு வாங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவை குட்டி போடும். ஆடு பெருகினால் பசு, பசு பெருகினால் எருமை, எருமை பெருகினால் குதிரை. குதிரைகளை விற்றால் பொன். பொன் வந்தால் மாளிகை. மாளிகையைப் பார்த்து ஒருவர் பெண் கொடுப்பார். மகன் பிறப்பான், அவனுக்குச் சோமசர்மன் என்று பெயர் வைப்பேன்.

மகன் தவழ்ந்து குதிரைக் குளம்புக்குப் பக்கத்தில் போகிறான். "பிள்ளையைத் தூக்கு" என்று மனைவியிடம் சொல்கிறான் நம் ஆள். வீட்டு வேலையில் இருக்கும் அவள் காதில் அது விழவில்லை. கோபம் வருகிறது. எழுந்து ஓர் உதை விடுகிறான். உதை விழுந்தது மனைவி மேல் அல்ல, பானை மேல்! பானை உடைந்தது, மாவு முழுவதும் அவன் தலையில் கொட்டியது.

நாடு கடந்த கதை

இந்தப் பானை உருண்டு போன தூரம் கொஞ்சநஞ்சமல்ல. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில், புர்சோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரக் கதைகளைப் பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவிக்குக் கொண்டு சென்றார். 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். அந்த நூலின் பெயர் 'கலீலா வ திம்னா'. அங்கே பிராமணன் ஒரு துறவியாக மாறினான், மாவு தேனும் நெய்யுமாக மாறியது. பிறக்கப்போகும் மகன் சொல்பேச்சுக் கேட்காவிட்டால் இப்படித்தான் அடிப்பேன் என்று துறவி கோலை ஓங்க, தலைக்கு மேல் தொங்கிய ஜாடி உடைகிறது.

அரபு மொழியிலிருந்து கிரேக்கம், எபிரேயம், இலத்தீன், ஸ்பானியம் என்று கதை பரவியது. 1335-இல் ஸ்பெயின் நாட்டுப் பிரபு டான் ஹுவான் மானுவல் எழுதி முடித்த 'கோண்டே லுகனோர்' என்ற நூலில், கனவு காண்பவள் ஒரு பெண். தலையில் தேன் குடத்துடன் சந்தைக்குப் போகிறாள். மருமகன்களும் மருமகள்களும் சூழ வீதியில் நடந்துபோவதாக நினைத்துச் சிரித்து, நெற்றியில் தட்டிக்கொள்கிறாள். குடம் கீழே விழுகிறது. 'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பில் இதே கதை கண்ணாடிச் சாமான் விற்பவனுக்கு நடக்கிறது. அமைச்சரின் மகளை மணந்து அவளை உதைப்பதாக நினைத்துக் காலை நீட்டுகிறான். முன்னால் இருந்த கூடைக் கண்ணாடி அத்தனையும் தூள்.

1678-இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் இதைப் பால்குடம் சுமக்கும் பெரெட் என்ற பெண்ணின் கதையாக்கினார். பிரெஞ்சுக் குழந்தைகள் இன்றும் அறிந்த கதை அது. அந்தத் தொகுப்பின் முன்னுரையில், தம் கதைகளில் பெரும்பகுதிக்கு இந்திய ஞானி ஒருவருக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். 1870-இல் மாக்ஸ் முல்லர் இலண்டனில் ஆற்றிய ஓர் உரையில், பெரெட்டின் பால்குடத்திலிருந்து பின்னோக்கி நடந்து சென்று அந்தப் பிராமணனின் மாவுப் பானையைக் கண்டுபிடித்துக் காட்டினார். கதைகள் எப்படி ஊர் விட்டு ஊர் போகின்றன என்பதற்கு இது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டு மாட் ஜெனின்

இந்தப் பயணத்தில் நம் மலாய் மண்ணுக்கும் இடமுண்டு. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835-இல் பஞ்சதந்திரத்தை மலாய் மொழியில் தந்தார். அவர் மொழிபெயர்த்தது எந்த மொழியிலிருந்து தெரியுமா? தமிழிலிருந்து! மலாக்காவில் வாழ்ந்த ஒரு தமிழரின் துணையோடு அந்தப் பணியை அவர் செய்தார். அந்தக் காலத்து மலாக்காவில் வசதியான வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருப்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

மலாய் நாட்டுப்புறக் கதைகளில் மாட் ஜெனின் என்று ஒருவன் வருகிறான். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அவனைத் தெரியும். கூலிக்குத் தென்னை மரம் ஏறித் தேங்காய் பறிப்பவன். ஏறும்போதே கணக்குப் போடுகிறான். இன்றைய கூலிக்குக் கோழி, கோழி பெருகினால் ஆடு, ஆடு பெருகினால் மாடு, பிறகு பெரும் செல்வம், கடைசியில் இளவரசியுடன் திருமணம். அந்தச் சுகத்தில் மரத்தைப் பிடித்திருந்த கை நழுவுகிறது. விழுகிறான். இன்றும் நடக்காத ஒன்றை எண்ணி மகிழ்பவரைப் பார்த்து 'அங்ஙான்-அங்ஙான் மாட் ஜெனின்' என்று மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

மாட் ஜெனின் பஞ்சதந்திரத்தின் வழிவந்தவனா, இந்த மண்ணிலேயே முளைத்தவனா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிச்சைக்காரப் பிராமணன், துறவி, தேன் விற்பவள், கண்ணாடி விற்பவன், பால்காரப் பெண், தென்னை ஏறும் கூலி. எல்லாரும் கையில் காசில்லாதவர்கள். இந்த வரிசையில் ஓர் அரசன்கூட இல்லை. அரசன் நடக்காததை எண்ணிப் பார்த்தால் அதற்குத் திட்டம் என்று பெயர். ஏழை எண்ணிப் பார்த்தால் அதற்குப் பகற்கனவு என்று பெயர்! இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்ததில், "இருக்கிற இடத்தில் இரு" என்று ஏழைக்குச் சொல்லும் எச்சரிக்கையும் கலந்திருந்தது. லா ஃபோன்டேன் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். கோட்டை கட்டாதவர் யார், நானும்தான் கட்டுகிறேன் என்ற பொருளில் அவர் தம் கதையை முடித்தார்.

ஃபிராய்டு சொன்ன உதாரணம்

ஏழைகள்தாம் அதிகம் கனவு காண்கிறார்களா? மனநல ஆய்வின் முன்னோடியான சிக்மண்ட் ஃபிராய்டு 1907-இன் இறுதியில் வியன்னாவில் இதைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. மனநிறைவோடு இருப்பவர் பகற்கனவு காண்பதில்லை, நிறைவேறாத ஆசை உள்ளவர்தாம் காண்கிறார் என்பது அவர் கருத்து.

அதற்கு அவர் சொன்ன உதாரணம் என்ன? தாய் தந்தை இல்லாத ஓர் ஏழை இளைஞன் வேலை கேட்டு ஒரு முதலாளியைப் பார்க்கப் போகிறான். வழியிலேயே கனவு தொடங்கிவிடுகிறது. வேலை கிடைக்கிறது, முதலாளிக்குப் பிடித்துப்போகிறது, முதலாளியின் மகளை மணக்கிறான், கடைசியில் அந்தத் தொழிலுக்கே வாரிசாகிறான். மாவுப் பானையை எடுத்துவிட்டுப் பார்த்தால் இதுவும் சோமசர்மனின் அப்பா கதைதானே! ஆனால் ஃபிராய்டு அந்த இளைஞனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிறு வயதில் அவனுக்கு இருந்து இப்போது இல்லாமல் போன வீட்டையும் அன்பையும்தான் கனவில் தேடுகிறான் என்றார்.

நின்றவூர்ப் பூசலார்

இப்போது நம்முடைய கதைக்கு வருவோம். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் பூசலார் நாயனார் வருகிறார். இன்று திருநின்றவூர் என்று வழங்கும் நின்றவூரில் வாழ்ந்தவர். சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார். பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தார். கிடைக்கவில்லை. எனவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார்.

எப்படிக் கட்டினார் என்பதுதான் முக்கியம். முதலில் மனத்தால் சிறிது சிறிதாகப் பொருள் சேர்த்தார். தச்சரைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். இரவிலும் கண் உறங்காமல் கட்டினார். விமானம் எழுப்பி, சிகரம் வைத்து, சுதை வேலை முடித்தார். கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், குளம் வெட்டினார். பல நாள் எடுத்துக்கொண்டு கட்டி, குடமுழுக்குக்கு ஒரு நாளும் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். முதல் நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, "நாளை நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். மன்னன் நின்றவூருக்கு ஓடிவந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். ஊராருக்கு அப்படி ஒரு கோயிலே தெரியாது. பூசலாரைக் கண்டுபிடித்துக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. மன்னன் அந்த ஏழையின் காலில் விழுந்து வணங்கினான்.

அந்த மன்னன் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. திருநின்றவூரில் பூசலாரின் நினைவாக இருதயாலீசுவரர் கோயிலும் இருக்கிறது.

பக்திக் கண்ணோடு பார்ப்பவர்கள் இதை இறைவனின் அருள் என்பார்கள். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஏற்ப இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். பானைக்காரனும் ஏழை, பூசலாரும் ஏழை. இருவரும் விழித்திருந்தே மனத்தில் கட்டினார்கள். ஒருவர் தலையில் மாவு கொட்டியது, மற்றவர் காலில் மன்னன் விழுந்தான். வேறுபாடு எங்கே இருக்கிறது?

பானைக்காரன் கனவில் அவன் செய்யும் வேலை ஒன்றுகூட இல்லை. ஆடு தானே பெருகுகிறது, பெண்ணை யாரோ தானே கொடுக்கிறார்கள். அது மட்டுமல்ல, அந்தக் கனவு ஊரார் பட்டினியில் தொடங்குகிறது, மனைவியை உதைப்பதில் முடிகிறது! பூசலார் கனவிலோ ஒவ்வொரு படியிலும் உழைப்பு இருக்கிறது. கட்டி முடித்தபின் வரும் புகழை அவர் கனவு காணவில்லை. அடுத்து வைக்க வேண்டிய கல்லைக் கனவு கண்டார்.

அறிவியல் என்ன சொல்கிறது?

இது பக்தி இலக்கியத்தில் மட்டும் இருக்கும் வேறுபாடு அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேர்வுக்கு முன் சில நாள்கள், தினமும் சில நிமிடங்கள் மாணவர்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்வதைக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் எங்கே உட்கார்ந்து, எப்போது, எப்படிப் படிப்போம் என்பதைக் கற்பனை செய்தார்கள். படிக்கும் வழியைக் கற்பனை செய்தவர்களே நன்றாகப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றார்கள்.

ஜெர்மனியில் கேப்ரியல் ஓட்டிங்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. பட்டம் பெற்று வேலை தேடிய இளைஞர்களில், வேலை கிடைத்துவிட்டதாக இனிமையான கனவுகளை அதிகம் கண்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குறைந்த வேலை வாய்ப்புகளே வந்திருந்தன, சம்பளமும் குறைவாக இருந்தது. கனவிலேயே பலனை அனுபவித்துவிட்டால் உடலும் மனமும் தளர்ந்துபோகின்றன என்பது அவர்கள் கண்ட காரணம்.

அப்படியானால் மனத்தை அலையவிடாமல் கட்டிப் போட்டுவிடலாமா? அது நடக்கிற காரியமல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் கைப்பேசி வழியே கேட்டார்கள். அவர்கள் தந்த விடைகளில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில், கைவேலை ஒன்றாகவும் மனம் வேறாகவும் இருந்தது. அதாவது விழித்திருக்கும் நேரத்தில் பாதி! அப்படி அலையும் நேரத்தில் மக்கள் பொதுவாக மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. ஆக, அலைவதெல்லாம் இன்பமும் அல்ல.

மூளையும் சும்மா இருப்பதில்லை. உடல் எடையில் அது சுமார் 2 விழுக்காடுதான், ஆனால் உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. நாம் வேலை எதுவும் செய்யாதபோது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாக இயங்குகின்றன என்று மார்கஸ் ரெய்க்கல் குழுவினர் 2001-இல் எடுத்துக்காட்டினார்கள். பழையதை நினைப்பதும், வரப்போவதை எண்ணுவதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. அதற்கும் முன்பே, 1966-இல் பகற்கனவைப் பற்றி நூல் எழுதிய ஜெரோம் சிங்கர், ஆக்கபூர்வமான பகற்கனவு வேறு, குற்ற உணர்விலும் அச்சத்திலும் சுழலும் பகற்கனவு வேறு, கவனம் நிற்காமல் சிதறுவது வேறு என்று பிரித்துக் காட்டினார்.

மாதம் பத்து வெள்ளி

கடைசியாக, நம் நாட்டில் நடந்த ஒரு வரலாறு. சுதந்திரம் கிடைத்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது அதைத்தான். பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையை இழந்தன, வேலையோடு குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தன.

அந்த நேரத்தில், தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. மரம் வெட்டும் கூலித் தொழிலாளி தோட்ட முதலாளி ஆவதா? கேட்பதற்கு மாட் ஜெனின் கதை போலத்தானே இருக்கிறது! ஆனால் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள் என்றார். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சிறிய பணம் அல்ல. ஆனாலும் கட்டினார்கள். சங்கம் முதலில் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்களை வாங்கியது.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. வீடு இழந்தவர்கள் பலர். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூலிக்காரர்கள் கனவு காணக்கூடாது என்று அன்று யாராவது அவர்கள் வாயை அடைத்திருந்தால், அந்தச் சில தோட்டங்களும் மிஞ்சியிருக்காது. அந்தக் கனவுக்கு ஒரு முதல் கல் இருந்தது. அதன் விலை மாதம் பத்து வெள்ளி.

நேயர்களே, உங்கள் பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே அதட்டாதீர்கள். "என்ன கட்டுகிறாய்?" என்று கேளுங்கள். டாக்டராகப் போகிறேன், விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொல்லலாம். சிரிக்காதீர்கள். "சரி, முதல் கல்லை எங்கே வைக்கப்போகிறாய்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அதற்குப் பிள்ளையிடம் விடை இருந்தால் பானை உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். விடை இல்லாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து யோசியுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கேட்க எத்தனையோ பேர் இருப்பார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நாம்தான் கேட்க வேண்டும்.